ஈயக்கருவைத் திறந்த பின்னேரம்

எண்ணெய்ச்சட்டியிலை பயத்தம்பணியாரம் பொரியிற மணம்...

அக்கான்ரை கலியாணத்துக்கு நீர்வேலியிலை எங்கடை வீட்டிலை பலகாரம் சுட்டுக்கொண்டு நிண்டவை. எனக்கு அங்கை நிக்கவே மனமில்லை. அவ்வளவு பயம்.

அண்டைக்குப் பின்னேரம்தான் எங்கடை ஆய்விலை ஒளிச்சு வைச்ச விடையைத் திறக்கிறது.

நானும் சாவகச்சேரி வாசுகியும் ஜெர்மனியிலை ஒரே ஆய்வுகூடத்திலை பிஎச்டி செய்தனாங்கள். ஈய அணுவின்ரை கருவுக்குள்ளை நியூத்திரன்கள் எவ்வளவு தூரம் பரவிக் கிடக்குது எண்டு அளக்கிற வேலை. புரோத்தனுக்கு மின்னேற்றம் இருக்கு, லேசாய்ப் பிடிக்கலாம். நியூத்திரனுக்கு அதுகும் இல்லை. இடமாய்ச் சுழலுற இலத்திரனையும் வலமாய்ச் சுழலுறதையும் கருவிலை மாறி மாறி அடிச்சு, சிதறுறதிலை வாற துளி வித்தியாசத்தை வைச்சுத்தான் கண்டுபிடிக்கோணும்.

ஒரே தரவை ரெண்டு பேரும் தனித்தனியாய்க் கணக்குப் பாத்தனாங்கள். ஆசைப்பட்ட பக்கம் விடையை வளைக்காமல் இருக்க, அதோடை ஆளுக்கொரு ரகசிய எண்ணைக் கூட்டி ஆய்வுகூடத்திலை ஒளிச்சு வைச்சிருந்தவை. கடைசியிலை அதைக் கழிச்சாத்தான் உண்மை தெரியும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கணக்கைப்பற்றி மூச்சும் விடக்கூடாது. திறந்தாப்பிறகு ஒரு புள்ளியும் மாத்தேலாது. பொருந்தாட்டில் ஒராளின்ரை ஆய்வு குப்பையிலை...

ஒரே அறையிலை இருந்து, ஒரே சட்டியிலை சமைச்சுத் திண்டுகொண்டு, வாய் திறக்கேலாது. நித்திரையிலை உளறிப்போடுவனோ எண்டும் பயந்திருக்கிறன்.

அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன். அவ பணியாரத்தைத் திருப்பிக்கொண்டே, "உதென்ன புதினமே? பிள்ளையாருக்குப் படைக்கமுதல் நாங்களும்தான் இனிப்புப் பாக்கிறேல்லை" எண்டா. பணியாரம் பிழைச்சா ஒருத்தரும் பட்டத்தைப் பறிக்கமாட்டினம்.

கலியாணத்துக்கு வந்த வாசுகியும் நானும் ஒரு லப்டொப்புக்கு முன்னாலை. முதல் அவளின்ரையைத் திறந்தனாங்கள். புரோத்தன்களுக்கு வெளியாலை நியூத்திரன்கள் மெல்லிசாய் ஒரு தோல் மாதிரி. நல்ல விடை. இனி என்ரை... வாசுகி கையைப் பிடிச்சாள்.

"பொருந்தாட்டில் நான்தான் பிழை விட்டனான் எண்டு சொல்லிப்போடுவன். நீ பயப்பிடாதை."

திறந்தனாங்கள். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு.

கட்டிப்பிடிச்சு அழுத அழுகையிலை, ஆரோ செத்துப்போச்சினம் எண்டு குசினியிலை பலகாரம் சுட்டுக்கொண்டு நிண்டவை ஓடி வந்திட்டினம்.

இப்ப அவள் கனடாவிலை. நான் உடுவிலிலை பௌதிகவியல் படிப்பிக்கிறன். பிறந்தநாளுக்கு ஒரு பூப்படம் வரும், நானும் ஒண்டு அனுப்புவன்.

அப்ப கதைக்கக்கூடாது எண்டு தடை, வாய் துடிச்சது.

இப்ப ஒருத்தரும் தடுக்கேல்லை. போனை எடுத்தா, என்ன கதைக்கிறது எண்டு தெரியேல்லை.