அம்பது ஆச்சு!

இருபத்தாறு வருஷம் ஒரு கண் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து நம்பர் கூப்பிட்டவளை எல்லோரும் டோக்கனம்மா என்றுதான் அழைத்தார்கள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். பெண்டாட்டி காய்ச்சல் என்றால்கூடத் தெர்மாமீட்டரைக் கேட்டுவிட்டுத்தான் நம்புகிற மனிதர். அதனால் அவருக்கு மீட்டர் என்று பெயர் நிலைத்துவிட்டது. "எங்க வீட்டுல சண்டைகூட நம்பர் போட்டு, அளந்துதான் நடக்கும்" என்று மகள் கிண்டல் செய்வாள்.

ஓய்வு பெற்றதும் மீட்டர் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு கட்டில், அடுப்பு, சின்ன டிவி என்று குடித்தனம் நடத்துகிற வண்டியாக்கினார். கூரையில் சோலார் தகடு, கட்டிலுக்கு அடியில் பேட்டரி. மாதத்தில் பத்து நாள் இருவரும் கிளம்பிவிடுவார்கள். வேலைக்குப் போன காலத்தில் இவளுக்குப் பகல் என்றால் அவருக்கு டிப்போவில் இரவு. சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்த்தது கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வண்டியே.

தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! டோக்கனம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு வந்து சேர்ந்தது. முகமூடியை மாட்டி, மெஷின் காற்று ஊதினால்தான் தூங்கலாம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த மெஷினுக்கும் கட்டிலடி பேட்டரிதான்; துணைக்கு இன்னொன்றையும் சேர்த்தாயிற்று. மீட்டர் சட்டம் போட்டார்: பேட்டரியின் அளவைக் காட்டும் கருவியில் ஐம்பது சதவீதம் வந்தால் டிவியை அணைத்துவிட வேண்டும். மீதி அவள் மூச்சுக்கு.

"அம்பது ஆச்சு!"

அவ்வளவுதான். கதாநாயகன் பாறை நுனியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, பொட்டென்று அணைத்துவிடுவார். மறுநாள் மிச்சத்தைப் போடலாமே என்றால், முன்கதை மறந்துவிட்டதென்று முதலிலிருந்து வைப்பார். அது நேற்று நின்ற இடத்திலேயே வந்து நிற்கும். கொலைகாரன் யாரென்று தெரியாத படங்கள் மட்டும் பதினொன்று. வந்த விருந்தாளி எழுந்திருக்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருந்தால், மகள் அம்மாவின் காதில் "அம்பது ஆச்சு" என்று கிசுகிசுக்கும் அளவுக்கு அது குடும்பத்தின் சொல்லாகிவிட்டது.

டோக்கனம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும். ஒருத்தரையும் வீணாகக் காக்க வைக்கக் கூடாது என்றே உத்தியோகம் பார்த்தவள். தன் மூச்சுக்காக ஒரு மனுஷன் மூன்று வருஷமாக அரைப்படம் பார்த்துக்கொண்டு திரிகிறாரே என்று அவளுக்கு ஆறவே இல்லை. இரண்டு தடவை முகமூடி போடாமலே படுத்துப் பார்த்தாள். மீட்டர் எழுப்பி மாட்டிவிட்டார். இந்தப் பயணத்தோடு வண்டிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மகளோடு இருந்துகொள்வது, அவர் சிநேகிதர்களோடு நிம்மதியாகப் போய் வரட்டும் என்று முடிவு செய்திருந்தாள். சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தபோது மூன்று நாள் விடாமல் மழை. வெயிலே இல்லை. அவளுக்குத் தலை கனத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் மெஷினை மாட்டிக்கொண்டு படுத்தாள். காவலுக்கு உட்கார்ந்த மீட்டரும் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தால் கருவியில் பூஜ்யம்! எஞ்சினைப் போட்டுச் சார்ஜ் ஏற்ற முன்சீட்டுக்குத் தாவியவர், கால் தடுக்கிப் பாத்திரங்களோடு விழுந்தார்.

சத்தத்தில் அவள் எழுந்துகொண்டாள். முகமூடிக்குள் காற்று அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

சாவியும் கையுமாக மீட்டர் மெஷினையே வெறித்தார். "பூஜ்யத்துல எப்படி ஓடுது?"

அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, கட்டில் பலகையைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். கருவியின் பொத்தான்களைத் திரும்பத் திரும்ப அமுக்கினார். நிமிர்ந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்" என்றார். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வார்த்தை.

"என்னங்க ஆச்சு?"

"உனக்கு மெஷின் வந்தப்போ ரெண்டாவதா ஒரு பேட்டரி சேர்த்தேன்ல? இந்தக் கருவியில அதைக் கணக்குல ஏத்தவே இல்ல. இன்னும் ஒரே பேட்டரின்னு நெனச்சு காட்டிட்டு இருக்கு. அம்பதுன்னு காட்டினப்பல்லாம் உள்ள எழுபத்தஞ்சு இருந்திருக்கு. எத்தனையோ படத்தை முழுசாப் பார்த்திருக்கலாம். நான்லாம் ஒரு எலக்ட்ரீஷியன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மீட்டரையே மடக்குகிற வாய்ப்பு. வேறொரு நாளாக இருந்தால் அவள் ஓட ஓட விரட்டியிருப்பாள். இப்போது அவள் கேட்டது வேறு.

"அப்போ... என்னால இல்லையா?"

"எது உன்னால?"

"படம் நின்னது. நீங்க எல்லாத்தையும் பாதியில விட்டது. நான் ஒரு பாரம், இனிமே வண்டியில வர வேண்டாம்னு முடிவே பண்ணிட்டேன்."

மீட்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி" என்றார். "படம் பாக்கவா இந்த வண்டியைக் கட்டினேன்? படந்தான் வீட்டுலயே ஓடுதே. அந்த மெஷின் ஓடுற சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வருது."

அவள் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு விசும்பினாள்.

"அழாத. மூக்கடைச்சா மெஷின் போட முடியாது" என்று அதட்டியவர், அதற்குமேல் முடியாமல் தானே அழத் தொடங்கினார்.