கோடு இல்லை, விரிசல்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரது சிரித்த முகத்தைத்தான் நினைத்துக்கொள்வீர்கள். தங்கையாகிய நான் அவரது பிடிவாதத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

அக்கா பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறினார். அப்பா கால் முறிந்து படுத்ததால் மேற்படிப்பு நின்றது. 1991-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே, மின்விசிறிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். இறக்கையைப் பிடித்திருக்கும் அலுமினியத் துண்டுகளைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்கும் வேலை. பக்கத்து இருக்கையில் அவரது தோழி மல்லிகா.

ஒருநாள் துண்டு ஒன்றில் மெல்லிய விரிசலைக் கண்டார் அக்கா. மேலாளர் வடநாட்டவர், தமிழ் அறியாதவர். விரிசலுக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல், கோடு என்ற பொருளில், அவரிடம் துண்டை நீட்டி, "லைன் சார், லைன்!" என்றிருக்கிறார். அங்கே லைன் என்றால் வேலை நடக்கும் வரிசை. அவர் வரிசையை ஒரு பார்வை பார்த்து, "லைன் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டிகள் வெளியே போயின. சில வாரங்களில், எங்கோ ஓடிக்கொண்டிருந்த விசிறியின் இறக்கை கழன்று விழுந்ததாகப் புகார் வந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. அன்று பெட்டிச் சீட்டுகளில் கையெழுத்திடும் முறை மல்லிகாவுக்கு வந்திருந்ததால், அந்தப் பெட்டியில் இருந்தது அவரது கையெழுத்து. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அன்று அக்கா சாப்பிடவில்லை. "பாத்தவ நானு. சொல்றதுக்கு ஒரு வார்த்த இல்லாம அவள வூட்டுக்கு அனுப்பிட்டேன்டி" என்றார்.

மறுவாரம் வாலாஜாபாத்துக்குப் போய்ப் பழைய ஆங்கில அகராதி ஒன்றை வாங்கி வந்தார். முதல் பக்கத்திலிருந்து நாளுக்கு முப்பது சொற்கள். இரண்டு மாதத்தில், கேட்டால் பொருளை ஒப்பிப்பார். ஆனால் வேலையிடத்தில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை.

"விட்டுடுக்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு விடணும்? நான் படிக்கிற விதந்தான் தப்பா கீது."

அகராதியை மூடி வைத்துவிட்டு ஒரு நோட்டு போட்டார். கண்ணில் பட்டது, கையில் பட்டது, நாளுக்கு ஐந்தே சொற்கள். எதிரே தமிழ்ப் பொருளை எழுதவில்லை. அந்தச் சொல்லை வைத்துத் தன் அன்றாடத்திலிருந்து ஒரு வாக்கியம் எழுதினார். எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலை நசுங்கியது 'டென்ட்' ஆயிற்று. அப்பாவின் சைக்கிளில் இருந்த கீறல் 'ஸ்க்ராட்ச்' ஆயிற்று. மண்பானையின் விரிசல் 'க்ராக்' ஆயிற்று. மறுநாள் ஒரு முறை, வாரம் கழித்து ஒரு முறை, மாதம் கழித்து ஒரு முறை, பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு தன்னையே சோதித்துக்கொள்வார். சோறு வடிக்கும்போதும் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். "யாராண்ட பேசினுகீற?" என்று அம்மா எட்டிப் பார்ப்பார்.

நோட்டில் மறந்த சொற்களுக்கு மட்டும் புள்ளி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சதையே படிச்சினு இருந்தா சந்தோசமாத்தான் இருக்கும். மறந்ததுதாண்டி நமக்கு வேல."

அந்த ஆண்டு முடிவதற்குள் அதே போன்ற துண்டு மறுபடியும் வந்தது. "கீறல்தாம்மா. பொட்டில போடு" என்றார் சூப்பர்வைசர். "போட மாட்டேன் சார். மேனேஜரக் கூப்புடுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார் அக்கா. மேலாளர் கோபத்தோடுதான் வந்தார். அக்கா அந்த இடத்தில் நகத்தை இழுத்துக் காட்டினார்.

"சார், திஸ் இஸ் நாட் எ ஸ்க்ராட்ச். மை நெயில் ஸ்டாப்ஸ் ஹியர். இட் இஸ் எ க்ராக். த பிளேட் வில் ஃபால்."

அவரும் நகத்தால் தடவிப் பார்த்தார். அன்று உற்பத்தி நின்றது. துண்டுகளை வார்க்கும் அச்சில்தான் பழுது என்று தெரிந்தது. மேலாளர் பாராட்டிவிட்டுத் திரும்பியபோது அக்கா விடவில்லை. "சார், லாஸ்ட் டைம் ஆல்சோ க்ராக். ஐ சா. ஐ டிட் நாட் ஹேவ் த வேர்ட். மல்லிகா இஸ் நாட் ராங்." தன் மீதே பழி திரும்பக்கூடும் என்று தெரிந்தேதான் அதைச் சொன்னார். மறுமாதம் மல்லிகா அதே இருக்கைக்குத் திரும்பினார்.

பிறகு அக்கா தர ஆய்வாளரானார். மணிமங்கலத்து மாமாவை மணந்தார். ஒரு மகனைப் பெற்று வளர்த்தார். ஒரகடத்தில் வேறொரு தொழிற்சாலையில் இன்னும் பெரிய பொறுப்புக்கு உயர்ந்தார். நோய் கண்டபோது மருத்துவர் அக்காவைப் பார்க்காமல் மாமாவிடமே ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "டாக்டர், டெல் மீ. ஐ ஆம் த பேஷண்ட்" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் அக்காவிடம்தான் பேசினார். கடைசிவரை தனக்கு என்ன நடக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

இரவு பகல் பாராமல் உடனிருந்த மாமாவுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த செவிலியர்களுக்கும், பந்தல் போட்டு, வந்தவர்க்கெல்லாம் சோறாக்கிப் போட்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அக்காவோடு வேலை செய்த பெண்கள் ஷிப்ட் முடிந்து சீருடையோடே வந்தார்கள். பாடையைத் தூக்கும் நேரத்தில் பெரியவர்கள் அவர்களை விலகச் சொன்னார்கள். "தெருமுன வரைக்கும் நாங்கதான் தூக்குவோம்" என்றார் அந்தப் பெண்களில் ஒருவர். பெரியவர்கள் வழிவிட்டார்கள். எட்டுப் பெண்களின் தோளில் அக்கா எங்கள் தெருவைக் கடந்து போனார். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.