அக்கா சொன்ன சாட்சி

டைலரக்காவுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கவே கண்ணாடி வேண்டும். ஆனாலும் பழைய கோர்ட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த நீள வராந்தா, கால் ஆடும் பெஞ்சு, பெயரைக் கூப்பிடும்போதே பாதியை விழுங்கிவிடும் டவாலி. கோர்ட்டுக்காக ஏங்குகிற ஆளை வேறெங்கே பார்க்க முடியும்!

அம்மா போனபின் தம்பியை வளர்த்தது அவள்தான். வாட்ச் கடையை உடைத்துத் திருடியதாக அவன்மேல் வழக்கு வந்ததும் அவனுக்காகச் சாட்சிக் கூண்டேறினாள். எங்களுடையது ஒரே அறை, அன்று ராத்திரி அவன் என் தலைமாட்டில்தான் படுத்திருந்தான் என்று அடித்துச் சொன்னாள். முதல் நீதிபதி, அக்காவின் சாட்சியை நம்ப முடியாது என்று ஒற்றை வரியில் முடித்து அவனை உள்ளே அனுப்பினார். தண்டனையைவிட அந்த வரிதான் அவள் நெஞ்சில் தைத்தது.

"பொய்யின்னா பொய்யின்னு சொல்லட்டும். ஏன்னு சொல்ல வேணாமா?" என்று வக்கீலிடம் மல்லுக்கு நின்றாள்.

மேல்கோர்ட்டும் அதையேதான் கேட்டது. காரணம் சொல்லாத தீர்ப்பு செல்லாது, வேறொருவர் மறுபடி விசாரிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. தம்பி ஜாமீனில் வந்தான். அந்த வராந்தாவில் ஒரு டீயை இருவரும் பங்கிட்டுக் குடித்தபடி காத்திருந்த மாதங்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்பாள்.

புதிதாக வந்த நீதிபதியம்மா அவசரமே படாத மனுஷி. அக்காவை நிதானமாகக் கேட்டார். பள்ளிக்கூட யூனிபாரம் தைத்துத் தைத்து முந்தின இரண்டு ராத்திரியும் கண்மூடவில்லை, அன்று சாப்பிட்டதும் படுத்து விடிந்துதான் எழுந்தேன் என்று அவளும் ஒளிக்காமல் சொன்னாள்.

தீர்ப்பு நாளில் அந்தம்மா எல்லோருக்கும் புரிகிற மாதிரி வாசித்தார். கூடப்பிறந்தவள் என்பதற்காக ஒருத்தியைப் பொய்க்காரி என்று தள்ள முடியாது; இவர் மனதார நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் அசந்து தூங்குகிறவருக்குப் பக்கத்தில் இருப்பவன் எழுந்து போவது தெரியாது. கல்லாப்பெட்டிக்குள் தம்பியின் கைரேகை இருந்தது. திருட்டு வாட்சுகளும் அவன் காட்டிய இடத்தில்தான் கிடைத்தன. குற்றவாளிதான் என்று முடித்தார்.

தோற்ற வழக்கில் நிம்மதி வருமா? அக்காவுக்குக் கொஞ்சம் வந்தது. தன்னைப் பொய்க்காரி இல்லை என்று ஒரு நீதிபதி எழுதிவிட்டாரே! அந்தத் தெம்பில், வராந்தாவிலேயே வக்கீலைப் பிடித்து மறுபடி அப்பீல் போடச் சொன்னாள்.

போலீஸ்காரர் பக்கத்தில் நின்ற தம்பி தலை நிமிரவேயில்லை.

"வேணாம்க்கா. அந்தம்மா சொன்னது சரிதான். நீ நல்லா தூங்கிட்டிருந்த."