யாரும் அழுத்தாத பொத்தான்

பொத்தானை அழுத்திவிட்டு அவர் மின்தூக்கிக்குள் நிற்பதில்லை. கதவு மூடுவதற்குள் வெளியே வந்து, படிகளில் ஏறத் தொடங்கிவிடுவார். ஐம்பத்தெட்டு வயதிலும் மின்தூக்கிக்கு முன்னதாகவே நான்காம் தளத்தை அடைந்து, மூச்சு வாங்கியபடி கதவுக்கு எதிரே காத்திருப்பார். கதவு திறந்ததும் தரையின் விளிம்புக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் இடறினால் பராமரிப்புப் பதிவேட்டில் கையொப்பமிட மாட்டார். "உள்ள நின்னா எல்லாம் நல்லாப் போற மாதிரிதான் இருக்கும். வெளிய நின்னாத்தான் அதோட புத்தி தெரியும்" என்பார்.

மின்தூக்கியைப் பழுதுபார்க்க வரும் அவருக்கு எங்கள் குடியிருப்பில் லிஃப்ட்காரர் என்றே பெயர். பழுதான இயந்திரத்தை அவர் திட்டியதில்லை; அதன்மேல் காதை வைத்துக் கேட்பார், விசாரிப்பார். அழைப்பார் யாருமின்றி அது இரண்டாம் தளத்திலேயே நின்று நின்று கதவைத் திறந்துகொண்டிருந்த நாளில், "உன்ன யாரும்மா கூப்பிட்டது?" என்று கேட்டவாறே சுவரிலிருந்த பொத்தானைக் கழற்றினார். அழுந்திய பொத்தான் மேலெழாமல் சிக்கியிருந்தது. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடந்தான் அவரை ஏமாற்றியது. ரொட்டிக் கடையில் விற்பனையாளராக இருக்கும் அவர் மனைவிக்கு முதுகில் ஓயாத வலி. பிறகு கண்கள் மஞ்சளாயின. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். மருத்துவர் பொறுமையாகவே விளக்கினார். வளரச் சொல்லி வெளியிலிருந்து செய்தி வரும்போது, உயிரணுவினுள் ஒரு புரதம் விழித்துக்கொண்டு அதனை உள்ளே கடத்தும்; வேலை முடிந்ததும் அணைந்துவிடும். மனைவியின் உயிரணுக்களில் அஃது அணையவில்லை. யாரும் சொல்லாமலே 'வளர், பெருகு' என்னும் கட்டளை போய்க்கொண்டேயிருக்கிறது. லிஃப்ட்காரரின் முகம் தெளிந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம், சிக்கிய பொத்தான்தான், மாற்றிவிடுவார்கள் என்று மனைவியைத் தேற்றினார்.

"அப்ப அந்த டாக்டரம்மா ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிருந்தாங்க?" என்று கேட்டார் மனைவி.

அடுத்த முறை மனைவி, குடியிருப்பில் பழக்கமான என்னையும் மருத்துவமனைக்கு உடன் வரச் சொன்னார். "இவரு பாதிதான் கேப்பாரு அக்கா. மீதிய நீங்க கேட்டுக்குங்க." அந்தப் புரதத்தை அடக்கும் புதிய மருந்தொன்றின் சோதனையில் ஒரு நோயாளிக்கு இடம் இருந்தது, அன்று மாலை ஐந்து மணியோடு சேர்க்கை முடிவு. படிவத்தில் மனைவி கையொப்பமிட்டுவிட்டார். 'விளக்கங்களைக் கேட்டேன், புரிந்துகொண்டேன்' என்னும் வரியின் கீழ்க் குடும்பத்தினர் ஒருவரும் கையொப்பமிட வேண்டும்.

லிஃப்ட்காரர் பேனாவைத் தொடவில்லை. பென்சிலால் வரைந்து வந்திருந்த படத்தை மேசைமேல் விரித்தார். சதுரமாக ஓர் உயிரணு, அதன் சுவரில் பொத்தான், உள்ளே கம்பிகள். மருத்துவர் அதனைத் தள்ளிவிடவில்லை, நெடுநேரம் பார்த்தார். ஒரு பொத்தானன்று, கணக்கற்ற உயிரணுக்களில் கணக்கற்ற பொத்தான்கள் என்றார். ஒரு வழியை அடைத்தால் கட்டளை வேறொரு வழியைத் தேடிக்கொள்ளவுங்கூடும் என்றார்.

"சரிம்மா. முதல்ல யாரு அமுக்குனது?"

"யாரும் அமுக்கல. செல் தன்னையே நகல் எடுக்கறப்ப எங்கயோ ஓர் எழுத்து மாறிப்போச்சு. பல வருஷம் முன்னாடியே நடந்திருக்கலாம்."

அவர் தலை குனிந்தார். தம் வேலைச் சட்டையின் எண்ணெய்க் கறையை மனைவிதான் இத்தனை ஆண்டுகளாகக் கையால் துவைத்தார் என்றும், அதனால் இருக்குமோ என்றும் மெல்லக் கேட்டார். அப்படிச் சொல்ல எந்தச் சான்றும் இல்லை என்றார் மருத்துவர்.

"இல்லைன்னு சொல்றீங்களா, தெரியாதுன்னு சொல்றீங்களா?"

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துக்கொண்டார். பிறகு, "உங்க சட்டைமேல பழி போட எதுவும் இல்ல. எதனாலன்னு கேட்டீங்கன்னா, தெரியாது" என்றார். லிஃப்ட்காரரின் பென்சிலையே வாங்கிப் படத்தில் மூன்று இடங்களில் கேள்விக்குறி இட்டார்.

மணி நாலரை. "புரிஞ்சுதுன்னு எப்படிம்மா எழுதுறது? புரியலையே" என்றார் லிஃப்ட்காரர்.

"புரியலைன்னே எழுதிப் போடுங்க. கல்யாணத்தப்ப என்னைப் புரிஞ்சா கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. 'புரிந்துகொண்டேன்' என்பதை ஒரே கோட்டால் அடித்து, 'சம்மதம்' என்று மேலே எழுதிக் கையொப்பமிட்டார். திருத்தத்தின் அருகே மருத்துவரும் ஒப்பமிட்டார்.

உள்ளறையில், இரத்தம் எடுப்பதற்காக மனைவியைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். செவிலியர் ஊசியைப் பிரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் கட்டிலருகே மண்டியிட்டு, மனைவியின் விலாவெலும்புக்குக் கீழே காதைப் பதித்துக் கண்களை மூடிக்கொண்டார்.

"எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றார் மனைவி.

தலையைத் தூக்காமலே, பேசாதிருக்கும்படி அவர் ஒரு விரலை உயர்த்தினார்.