ஒன்பதுக்கும் பதினாலுக்கும் நடுவே கல்பனா அக்கா

"வண்டி நல்லாத்தானே ஓடுச்சு, பின்ன ஏன் என் பொண்ணு குவைத்துக்குப் போவணும்?"

மகள் கல்பனா அக்காவைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, ரேணிகுண்டாவில் நின்றபடி கிருஷ்ணம்மா அத்தை என்னைக் கேட்டார். அதற்குப் பதில் இப்போது தெரியும், அதனால் எழுதுகிறேன்.

கல்பனா அக்கா நகரியில் பவர்லூம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தம் பிடிக்காமல் தடா பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜின் சோதிக்கும் வேலைக்குப் போனாள். ஆறு வருடம் கழித்து அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பிறகு ரேணிகுண்டாவில் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து வாசலில் பைக் பழுது பார்த்தாள். ஓரிடத்தில் உட்காரவே மாட்டாள். குவைத்தில் வீட்டு வேலைக்கு விசா வந்தது. வெள்ளிக்கிழமை விமானம்.

அதே வாரம் இன்னொரு வழி வந்தது. புதிய எத்தனால் ஆலையின் மேலாளர் நாகபூஷணம், பழைய பைக் ஒன்றை முழு எத்தனாலில் ஓட்டிக் காட்டினால் சோதனைக் கூடத்தில் வேலை தருவதாகச் சொன்னார். புதன்கிழமை பார்க்க வருவார். எங்கள் நைனாவின் பைக்கைக் கொடுத்தோம்.

ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எத்தனால் அதிகமாக ஊற்ற வேண்டும். அதற்கு கார்புரேட்டரில் ஜெட் எனப்படும் பித்தளைத் துண்டில் எரிபொருள் வரும் துளையைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு என்று பார்க்க, புகைக்குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரைப் பொருத்தினாள். ஒரு பங்கு எரிபொருளுக்கு எத்தனை பங்கு காற்று என்று அதன் மீட்டர் எண் காட்டும்.

"ஒன்பது வந்தா நிறுத்திடலாம்" என்றாள்.

துளையிடத் துளையிட மீட்டர் பதினெட்டிலிருந்து இறங்கியது. பதினாலரையில் இன்ஜின் அருமையாக ஓடியது. அவள் நிறுத்தவில்லை. பன்னிரண்டு, பதினொன்று, பத்து. அதற்குக் கீழே அந்த மீட்டரில் எண்ணே இல்லை. இன்ஜின் திணறி நின்றது. எரியாத எத்தனாலில் பிளக் நனைந்திருந்தது.

"இன்னாக்கா, மீட்டர் செத்துப்போச்சா?"

"நான்தான் செத்துக்கினு கீறேன். கம்முனு இரு."

பெரிதான துளையைச் சின்னதாக்க முடியாது. செவ்வாய்க்கிழமை கடையில் மிச்சமிருந்த ஒரே ஜெட்டை வாங்கி வந்து, மீட்டரைச் சோதிக்க முதலில் பெட்ரோலில் ஓட்டினாள். 14.7 காட்டியது. மீட்டரை விரலால் தட்டிக் காட்டினாள்.

"நேத்து எத்தனால்ல நல்லா ஓடினதும் இதே எடத்துலதாண்டா. இதுக்கு நாம இன்னா ஊத்தினோம்னே தெரியாது. புகையில ஆக்சிஜன் மிச்சம் கீதான்னு மட்டும் பாக்குது. அப்பறம் பெட்ரோல் கணக்குல நம்பர் போடுது. எத்தனால் ஒழுங்கா எரிஞ்சாலும் 14.7ன்னுதான் காட்டும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. அந்த ஒரே ஜெட்டில் பயந்து பயந்து துளையிட்டு, எத்தனாலில் 14.7க்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

புதன்கிழமை நாகபூஷணம் சித்தூர் சாலையில் புத்தலப்பட்டு வரை ஓட்டிப் போய் வந்தார். வண்டி எங்கும் நிற்கவில்லை. இறங்கி மீட்டரைப் பார்த்துவிட்டுத் தெலுங்கு கலந்து கேட்டார்.

"ஒன்பது வரணும் கதா, அம்மாயி? பதினாலு காட்டுது. எரிபொருள் பத்தல. இன்ஜின் வெந்துடும்."

"அது பெட்ரோல் கணக்கு, சார். பிளக்கைக் கழட்டறேன், பாருங்க."

"மீட்டரை நீயே வச்சிட்டு, மீட்டரை நம்பாதேங்கறியா?" சிரித்தார். என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு தம்பி, பதினாலும் ஒன்பதும் ஒண்ணா?" என்றார்.

நான் அக்கா பக்கம் கையைக் காட்டினேன். அக்காவுக்கோ ஒரு விஷயத்தை இரண்டாம் முறை சொல்லப் பொறுமை கிடையாது. நனையாத, வெந்து வெளுக்காத பிளக்கை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் அதை சீட்டின் மேல் வைத்துவிட்டுக் காரில் ஏறினார். உள்ளே பெட்டியில் துணி அடுக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு சித்தூரில் ஒரு பாலிடெக்னிக் ஆசிரியரிடம் கேட்டேன். அக்கா சொன்னது முழுக்கச் சரி என்றார்.

குவைத்திலிருந்து போன வாரம் பேசினாள். வீட்டில் நாலு கார் இருக்கிறதாம், துடைக்கக்கூட விடமாட்டார்களாம். உங்களுக்குத் தெரிந்த பட்டறையோ ஆலையோ எங்கேயாவது எத்தனாலில் இன்ஜின் ஓட்டிப் பார்த்தால், இதை அங்கே படித்துக் காட்டுங்கள். வேலை தெரிந்த ஒருத்தியின் குவைத் ஒப்பந்தம் வருகிற பங்குனியோடு முடிகிறது என்றும் சொல்லுங்கள்.