அரபுப் பிரதி

எண்பதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டுத் தொழிலுக்குச் சட்ட ஆலோசனை சொல்லக் கல்முனையில் நான்தான் ஆள் என்று ஒரு பேர் இருந்தது. அதைப் பரப்பியவனும் நான்தான். வயல் எல்லைச் சண்டையிலும் வாய்க்கால் தகராறிலும் நாளைப் போக்கிக்கொண்டிருந்த சட்டத்தரணிக்கு ஒப்பந்தம், நியாயாதிக்கம் என்ற சொற்கள் வாயில் இனித்தன.

தங்கச்சியின் மாப்பிள்ளை, என் மச்சான், நல்ல தையற்காரர். கல்முனைக்குடியில் இருந்த கடையை மூடிவிட்டு வளைகுடாவில் கடை திறக்கப் புறப்பட்டார். அங்கே தொழில் செய்ய அந்த நாட்டுக்காரர் ஒருவர் பொறுப்பு நிற்க வேண்டும். கபீல் என்பார்கள். அந்தக் கபீல் அனுப்பிய ஒப்பந்தம் இரண்டு பிரதிகளாக வந்தது. ஒன்று ஆங்கிலம், மற்றது அரபு.

ஆங்கிலத்தை மூன்று தரம் படித்தேன். கடையில் பாதி மச்சானுக்கு. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம். இரண்டு பிரதிக்கும் முரண் வந்தால் அரபுப் பிரதியே செல்லும் என்று கடைசிப் பந்தியில் இருந்தது. எல்லா ஒப்பந்தத்திலும் வருகிற வாசகம்தான் என்று தாண்டிப் போனேன்.

அரபை வாப்பா ஓதினார். வாசித்தார் என்று சொல்ல முடியாது. கைகால் முகம் கழுவி ஒளு எடுத்து, தொப்பி போட்டு, குர்ஆன் ஓதுகிற அதே இராகத்தில் ஓதினார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டா. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அரபு ஓதத் தெரியும். பொருள் ஒருவருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

“மௌலவியிட்ட ஒருக்காக் காட்டுவமா காக்கா?” என்றாள் தங்கச்சி. அப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம்.

அரபுக்குப் பொருள் படித்த மௌலவி வீடு அடுத்த தெருவில்தான். ஆனால் சட்டத்தரணி ஒருவன் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்பதா என்று எனக்கு ரோசம்.

“தேவையில்ல, நான் பாத்திட்டன்” என்றேன்.

“அல்லாஹ்ட எழுத்துல கள்ளம் எழுதுவானா மனே?” என்றார் வாப்பாவும். மச்சான் பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளை பிறந்தது, நடந்தது, கதைக்கத் தொடங்கியது. மச்சான் வரவில்லை. கடவுச்சீட்டைக் கபீல் பூட்டி வைத்திருக்கிறான், கேட்டால் ஒப்பந்தத்தைப் பார் என்கிறான் என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகுதான் மௌலவி வீட்டுக்கு நடந்தேன்.

அவர் வரி வரியாகப் பொருள் சொன்னார். கடை முழுக்கக் கபீலுக்கு. மச்சான் அவனுடைய கூலியாள். அவன் எழுதிக் கொடுக்காமல் நாட்டை விட்டு வெளியேற முடியாது.

“இத நீங்க ஆரிட்டயும் கேக்கல்லயா?” என்றார். மெல்லத்தான் கேட்டார். அறைந்திருக்கலாம்.

தூதரகத்துக்கும் அமைச்சுக்கும் எழுதி எழுதி அலுத்தேன். உங்கள் கட்சிக்காரர் கையெழுத்திட்டிருக்கிறாரே என்று ஒரே பதில். கபீல் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து, அவன் மகன் மனம் வைத்த பிறகுதான் மச்சான் வந்து சேர்ந்தார். அவர் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு.

அந்த ஒப்பந்தம் அத்தனை வருடமும் அலுமாரிக்கு மேலே, குர்ஆனுக்குப் பக்கத்தில், பட்டுத்துணியில் சுற்றிக் கிடந்தது. கிழித்துப் போடவென்று அரபுப் பிரதியை எடுத்தேன். தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

“அரபெழுத்துக் காக்கா. கிழிக்கப்படா.”

அதை வாங்கி, பழையபடி துணியில் சுற்றி மேலே வைத்தாள். பிறகு ஆங்கிலப் பிரதியை என்னிடம் நீட்டினாள்.

“நீங்க பாத்தது இதத்தானே. இதக் கிழியுங்க.”