முதல் பரிசு வாங்கிய குண்டுப் பிள்ளை

தோட்டத்து டிரஸ்ஸர் என்பவன் டாக்டர் வராத நாளில் டாக்டர், வருகிற நாளில் அவருக்குப் பெட்டி தூக்குகிறவன்.

என்னைப் போல அந்தக் காலத்தில் சிலாங்கூர் தோட்டங்களில் மருந்து கலக்கி, பெஞ்சுக் கூட்டத்தின் முனகலைக் கேட்டுக் கேட்டே காது மரத்துப்போன அண்ணன்மார்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் நம்பமாட்டார்கள். நான் இருந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரன் கொண்டுவந்த அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. தொழிலாளிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, போக வர ஒரே கேட். காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதாம், அதனால் ஒரு பிடி சோறுகூட அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது. சரி, காட்டுக்குப் போகாத சாப்பாடு எங்கள் சனங்களின் வயிற்றுக்காவது வந்ததா? அட போங்கள்.

ஊசி கேட்ட குப்பன்

முன்பெல்லாம் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் தூக்குச்சட்டியில் சோறும் கருவாடும் கொண்டுபோய் மரத்தடியில் சாப்பிடுவார்கள். தூக்குச்சட்டிக்குத் தடை வந்தபிறகு, விடியலில் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவன் மத்தியானம் லயத்துக்குத் திரும்பித்தான் சோற்றைப் பார்ப்பான். பாசிர் பெனம்பாங்கிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவந்த சீனரும் பாஸ் கிடைக்காமல் நின்றுவிட்டார்.

குப்பன் என்று ஒரு வெட்டுக்காரன். கட்டுமஸ்தாக இருந்தவன், ஒரு நாள் வந்து சட்டையைக் கழற்றினால் விலா எலும்பெல்லாம் தெரிகிறது. தெம்புக்கு ஊசி போடச் சொன்னான். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, அவன்மேல் அல்ல. "டேய், சோறு அடுப்பில் வைக்கிற விறகுடா, வேலை செய்தால் எரிந்துபோகும். சதை வைக்கணும்னா பருப்பு வேணும், பயறு வேணும், முட்டை, மீன் வேணும். அது கிடைக்காட்டி உடம்பு தன் சதையையே பிய்த்துத் தின்னும்" என்று பெரிய பிரசங்கம் செய்தேன். பாவம், நின்று கேட்டான். கடைசியில் கையை நீட்டிக்கொண்டே சொன்னான்: "அதெல்லாம் அந்த ஊசியில கலந்திருக்காதுங்களா ஐயா?"

ஆயாக் கொட்டகையில் ஒரு சண்டை

குப்பனுக்குச் செல்வி என்று ஒரு பெண் குழந்தை. இரண்டு வயதுகூட நிரம்பவில்லை, அதற்குள் தம்பி பிறந்துவிட்டான். அம்மா அஞ்சலை மார்பில் வேப்பெண்ணெய் தடவிச் செல்வியைப் பால் மறக்கடித்தாள். வெட்டுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அந்தக் குழந்தைக்குக் கஞ்சியும், சர்க்கரை போட்ட டின்பாலும்தான். டின்பால் என்றால் ஒரு கரண்டிப் பாலுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்.

நான் நெத்திலியைக் கழுவி, வறுத்து, இடித்துத் தூளாக்கி எடுத்துக்கொண்டு போனேன். கஞ்சியில் கலந்து கொடுங்கள், பருப்பையும் மசித்துக் கொடுங்கள் என்றேன். கொட்டகையைப் பார்த்துக்கொண்ட முனியம்மா நல்ல மனுஷி, எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவள். ஆனால் சின்னப் பிள்ளைக்கு மீன் கொடுத்தால் மாந்தம் வந்துவிடும் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. நானும் கத்தினேன், அவளும் கத்தினாள். நெத்திலித் தூளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு வயசுகூட ஆகாத பிள்ளைக்கு மீனைக் கொடுக்கச் சொல்ற டிரஸ்ஸரை நான் இப்பத்தான்யா பார்க்கிறேன்."

போட்டி

வெள்ளைக்காரத் துரையின் மனைவி, எங்கள் துரைசாணி, ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தார். தராசு என் பொறுப்பு. தோரணம், பலூன், பவுடர் பூசிய பிள்ளைகள். மற்றதெல்லாம் குச்சிக் கையும் காலுமாக இருக்க, செல்வி மட்டும் உப்பிய கன்னத்தோடு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை, அழவுமில்லை. பலூனைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூக்கும்போது அவள் காலில் என் விரல் பட்ட இடம் குழி விழுந்து, அப்படியே நின்றது. அது சதை இல்லை, தண்ணீர்.

தராசில் எடை அதிகம் அவளுக்குத்தான். துரைசாணியிடம் ஓடினேன். அம்மா, இது வீக்கம், இந்தப் பிள்ளைக்குப் பரிசு வேண்டாம், ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று என் அரைகுறை இங்கிலீஷில் கெஞ்சினேன். அவர் தராசைப் பார்த்தார், அஞ்சலையின் முகத்தைப் பார்த்தார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் ஏதோ சொன்னார். கிராணி என் காதில் வந்து ஓதினார்: "ஒரு நாளைக்காவது சீக்கை மறந்துட்டுச் சிரிச்ச முகமா இருக்கணுமாம் நீங்க, அம்மா சொல்றாங்க."

பரிசு

முதல் பரிசு என்ன தெரியுமா? ஒரு பெட்டி டின்பால்! அதிலும் சட்டம் இருந்தது. கடையை விட்டு எந்த டின் வெளியே போனாலும் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது பதுக்கிக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்களாம். கடைக்கார ராவுத்தர் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆணியும் சுத்தியலுமாக ஒவ்வொரு டின்னாகக் குத்தினார். சனங்கள் கைதட்டினார்கள்.

அஞ்சலையின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். வேலியும் கேட்டும் சோதனையுமாக நொந்துபோன அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் யாராவது கைதட்டியது அதுதான் முதல் தடவை. ராவுத்தர் பெட்டியை அவள் தலையில் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "சீக்கிரம் குடுத்து முடிச்சிடு லா தங்கச்சி, வெச்சிருந்தா எறும்புதான் குண்டாகும்."

கண்

மறுநாளே அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வியின் காலை அழுத்திக் காட்டினேன். முகத்திலும் வயிற்றிலும் தண்ணீர் கோத்திருக்கிறது, உள்ளே சதையே இல்லை, டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரிக்குப் பாஸ் வாங்கித் தருகிறேன் என்றேன். அஞ்சலை பிள்ளையை வாரி எடுத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். மிளகாயும் உப்பும் எடுத்து வந்து என் எதிரிலேயே சுற்றி அடுப்பில் போட்டாள். குப்பன் தலை குனிந்து நின்றான். அவள் சொன்னது: "தோட்டமே கண்ணு வெச்சது பத்தாதுன்னு நீங்களும் வந்துட்டீங்களா ஐயா?"

ஞாயிற்றுக்கிழமை

செல்விக்குத் தோல் உரிய ஆரம்பித்த பிறகுதான் டவுனுக்குக் கொண்டுபோக விட்டார்கள். ஆஸ்பத்திரியில் மாவுப்பால் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். கைக்குழந்தையோடு அஞ்சலை அங்கே தங்க முடியாது. ஊரடங்கும் பாஸும் இருக்க, தினமும் போய்ப் பார்க்கவும் வழியில்லை. நான் மருந்து எடுக்கப் போன அன்று செல்வி என் பேனாவைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். வீக்கம் வடிய வடியப் பிள்ளை தேறிக்கொண்டிருந்தாள், சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு.

ஆனால் வீக்கம் வடிந்தால் என்ன மிஞ்சும்? எலும்பும் தோலும்தான். இனிமேல்தான் சதை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்னோடு லோரியில் வந்த அஞ்சலை பார்த்தது அந்தக் கோலத்தைத்தான். பரிசு வாங்கிய பிள்ளையைக் கொடுத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நர்ஸ் சொன்னாள், நான் சொன்னேன், காலில்கூட விழுந்திருப்பேன். யார் பேச்சையும் கேட்காமல் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். லோரியில் எங்கள் தோட்டம் வரும்வரை அழுதுகொண்டே இருந்தாள்: "கொழுகொழுன்னு கொடுத்தேன், கரைச்சு அனுப்பிட்டீங்களே ஐயா!"

வீட்டில் மறுபடியும் கஞ்சித் தண்ணீர், மந்திரித்த கயிறு. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை செல்வி. தோட்டத்துச் சுடுகாடு வேலிக்கு வெளியே. கேட்டில் காவல் நின்ற மாத்தா-மாத்தா போலீஸ்காரன் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். நான் அந்த இடத்திலேயே அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தம்பி

அதற்குப் பிறகு அஞ்சலை எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. பல மாதம் கழித்து ஒரு காலையில், பெஞ்சின் கடைசியில் மகனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்கும் பால் மறக்கடிக்கிற வயது வந்துவிட்டது. பருப்பு மசித்துக் கொடுக்கிறாளாம், முனியம்மாவோடு சண்டை போட்டு நெத்திலித் தூளும் கொடுக்கிறாளாம். சுறுசுறுப்பான பயல். ஒல்லி, ஆனால் தொட்டால் கெட்டி. மேசையில் ஏறி மருந்துப் புட்டியைத் தட்டிவிடப் பார்த்தான். நல்லா இருக்கான் அஞ்சலை, வீட்டுக்குப் போ என்றேன். அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கேட்டாள்: "இவன் இப்படியேதான் இருப்பான் இல்லீங்களா ஐயா? குண்டாயிட மாட்டானே?"

பெற்ற பிள்ளை குண்டாகிவிடக் கூடாதென்று ஒரு தாய் கும்பிட்டுக் கேட்க, "ஆகமாட்டான் அம்மா, பயப்படாதே" என்று சத்தியம் செய்து கொடுத்த ஒரே டிரஸ்ஸர் இந்த மலாயாவில் நானாகத்தான் இருப்பேன்.